எலுமிச்சம்பழமும் சுண்ணாம்புக் கல்லும்

சென்ற மாதம் கேளம்பாக்கத்திலுள்ள நமது நண்பர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. கல்யாண அழைப்பு அல்ல. கிருகப்பிரவேச அழைப்பும் அல்ல. “பாட்டனார் கட்டிய வீட்டை இடிப்பதா, வைத்திருப்பதா என்று இங்கே பெரிய தர்க்கம் நடக்கிறது. வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும்” என்பதே அதன் சாரம். பிறர் வீட்டுத் தர்க்கத்தில் தலையிடுகிறவர்களுக்கு என்ன கதி நேரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நண்பருடைய தாயார் போடும் காப்பியை நினைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே செல்பவர்களுக்குக் கேளம்பாக்கம் தெரிந்த ஊர்தான். மேற்கே வண்டலூருக்கும், கிழக்கே கோவளத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. கோவளம் சாலையில் சிறிது தூரம் சென்றால் பக்கிங்ஹாம் கால்வாய், கழி, உப்பளங்கள் எல்லாம் கண்ணில் படும். மற்றப் பக்கங்களில் கண்ணில் படுவது வானத்தை முட்டும் அடுக்கு மாடிக் கட்டடங்களே. அவற்றின் நடுவே, ஓடு வேய்ந்த தாழ்வாரமும், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமுமாக, நண்பரின் வீடு சற்றுக் கூச்சத்தோடு நிற்கிறது.

வீட்டுக்கு வந்த வியாதி இதுதான். மூன்று வருஷங்களுக்கு முன்பு, பின் கூடத்துச் சுவரில் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசினார்கள். முதல் வருஷம் சுவர் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டாவது வருஷம் கொப்புளங்கள் கிளம்பின. இப்போது தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. முன்கூடத்துச் சுவரோ சிமெண்டைக் கண்டதே இல்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது.

“சுண்ணாம்பு வீடு என்றால் இப்படித்தான், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே புத்திசாலித்தனம்” என்பது வேலை எடுத்துச் செய்தவரின் தீர்ப்பு. நண்பரும் அந்தக் கட்சி. “சுண்ணாம்புச் சுவர் எழுபது வருஷம் நின்றது; சிமெண்டு மூன்று வருஷம் நிற்கவில்லை. இதில் எது கெட்டது?” என்பது அவருடைய தாயாரின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில், உள்ளூர்க் கிழவர் ஒருவர், அந்தக் காலத்து மேஸ்திரி, கரணையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நண்பரின் பதினொரு வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள்: “சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது?”

“கடையிலிருந்து” என்றார் நண்பர். நமக்கும் அதைவிட நல்ல பதில் சட்டென்று தோன்றவில்லை. வாரா வாரம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட வெட்கம் வேறு வேண்டியதில்லை. வீட்டைப் பற்றிய தர்க்கத்தை ஒத்திவைத்துவிட்டு, முதலில் கல்லைப் பற்றிய பாடத்தை நடத்திவிடுவது என்று தீர்மானித்தோம்.

குழந்தை வாசலுக்கு ஓடி, மூன்று பொருள்களைப் பொறுக்கி வந்தாள். ஒன்று, வாசற்படியிலிருந்து பெயர்ந்த கருங்கல் சில்லு. இரண்டாவது, பால்போல் வெளுத்த ஒரு கல். மூன்றாவது, பழைய சுவரிலிருந்து விழுந்த காரைத் துண்டு. “இவற்றுள் எது சுண்ணாம்புக் கல் இனம்?” என்று கேட்டோம். வீட்டிலுள்ள எல்லாரும் ஏகமனதாக வெள்ளைக் கல்லைச் சுட்டிக் காட்டினார்கள். மேஸ்திரி மட்டும் சிரித்தார்.

பாட்டியம்மாளிடமிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தையும், சமையலறைக் கத்தியையும் இரவல் வாங்கினோம். கல்லைப் பரீட்சை செய்ய இவ்வளவு போதும். முதலில் கத்தியால் கீறிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் கல் மிருதுவானது. நகத்துக்கு மசியாது, ஆனால் இரும்புக் கத்திக்கு மசிந்துவிடும். கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி உதிரும். பிறகு, அந்தப் பொடியின் மேல் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிய வேண்டும். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் சிறு சிறு குமிழிகள் கிளம்பி நுரைக்கும். மூன்றாவதாக, உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிப்பி, நத்தை முதலியவற்றின் சில்லுகள் தெரிந்தால், அது கடலடியில் படிந்து உண்டான கல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெள்ளைக் கல் கத்திக்கு அசையவே இல்லை, கத்திதான் மழுங்கியது. சாற்றைப் பிழிந்தும் சலனமில்லை. அது வெங்கச்சங்கல், கண்ணாடியைக்கூடக் கீறும் ஜாதி. கருங்கல்லும் அப்படியே வாய் திறக்கவில்லை. செங்கற்பட்டுச் சீமையின் குன்றுகளில் பெரும்பாலும் இருப்பது பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான இந்தக் கல்தான். கல்கத்தாவின் சரித்திரத்தில் பேர் பெற்ற ஜாப் சார்னக் என்பவரின் சமாதியை மூடியிருப்பது பல்லாவரம் பக்கத்துக் கல்லே. அதனால், தாமஸ் ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1890களில் இந்த வகைக்குச் ‘சார்னகைட்’ என்று நாமகரணம் செய்தார்.

மூன்றாவதாக, யாரும் மதிக்காத காரைத் துண்டின் மேல் சாறு விழுந்தது. ‘சுர்’ரென்று நுரைத்தது! அதன் நடுவே, வேகாமல் தப்பிய கிளிஞ்சல் சில்லு ஒன்று மினுமினுத்தது. ஆகவே, நிறத்தைக் கண்டு ஏமாறக்கூடாது என்பது அன்றைய முதல் பாடமாயிற்று. சுண்ணாம்புக் கல் சாம்பல் நிறமாகவும், மஞ்சளாகவும், ஏன், கன்னங்கரேலென்றும் இருக்கும்.

“கறுப்பாகவா?” என்று குழந்தை நம்பாமல் கேட்டாள்.

நாம் சமையலறை மேடையைக் காட்டினோம். தமிழ்நாட்டுச் சமையலறைகளிலும் அலமாரிகளிலும் காணப்படும் அந்தக் கடப்பைக் கல் சாட்சாத் சுண்ணாம்புக் கல்தான். புளியும் எலுமிச்சம்பழமும் பட்ட இடங்களில் அதன் பளபளப்பு மங்கிப்போவது இதனால்தான். பாட்டியம்மாள் ஐம்பது வருஷங்களாக இந்தப் பரீட்சையைத் தினந்தோறும் நடத்தி வந்திருக்கிறார், பெயர்தான் தெரியவில்லை!

நுரைப்பது எது? சுண்ணாம்புக் கல்லின் பெரும் பகுதி கால்ஸியம் கார்பொனேட். புளிப்புப் பட்டவுடன் அதற்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு விடுதலை பெற்று வெளிவருகிறது. சோடாப் புட்டியில் பொங்குவதும், நாம் மூச்சு விடும்போது வெளியே வருவதும் இதே வாயுதான். இங்கே ஓர் எச்சரிக்கை: நுரைத்ததெல்லாம் சுண்ணாம்புக் கல் ஆகிவிடாது. சலவைக் கல்லும் நுரைக்கும். அது பூமிக்குள் வெந்து உருமாறிய சுண்ணாம்புக் கல்லே. உடைத்தால் சீனிபோல் மணி மணியாக மின்னும். காற்றில் பல காலம் கிடந்த சிமெண்டுக் கட்டியும் நுரைக்கும். மக்னீஸியம் கலந்த டோலமைட் என்ற கல்லோ, நன்றாகப் பொடித்தாலன்றி நுரைக்காது. ஆகையால் கத்தி, புளிப்பு, கண் என்ற மூன்று சாட்சிகளையும் ஒருங்கே விசாரித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இனி, இந்தக் கல் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். மழை பெய்யும்போது வானத்திலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. அந்த நீர் கருங்கற் குன்றுகளை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கழுவுகையில், கல்லிலுள்ள கால்ஸியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஆற்றோடு கடலை அடைகிறது. கடலில் வாழும் சிப்பியும், நத்தையும், பவளப் பூச்சியும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை உறிஞ்சித் தங்களுக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்தபின் ஓடுகள் கடலடியில் படிகின்றன. படிவின் மேல் படிவு ஏறி, பாரத்தினால் இறுகிக் கல்லாகின்றன. இப்படி அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவதால்தான் இதைப் படிவுப் பாறை என்கிறார்கள். கடப்பைக் கல் போன்ற மிகப் பழைய வகைகள், சிப்பிகள் தோன்றுவதற்கும் முன்பே, 50 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், கடல் நீரிலிருந்து நேரே படிந்தவை. அவற்றில் ஓடுகளைத் தேடிப் பயனில்லை.

கோவளம் கழிக்கரையில் கிடக்கும் கிளிஞ்சல் குவியலைப் பார்த்தவர்களுக்கு இதன் முதல் அத்தியாயம் தெரியும். கடைசி அத்தியாயத்தைப் பார்க்க, கேளம்பாக்கத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அரியலூருக்குப் போக வேண்டும். இன்று கடற்கரை அங்கிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் ஏறி வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் கைப்பிடி அளவுள்ள சிப்பிகள் கல்லோடு கல்லாய் ஒட்டிக் கிடக்கின்றன. கல்லக்குடிப் பக்கத்தில் பவளப் பாறையே கல்லாகியிருக்கிறது.

இந்தக் கல்லேட்டை முதன் முதலில் ஒழுங்காக வாசித்தவர்களுள் ஒருவர் ஹென்றி பிளான்போர்டு. அவர் 1860களில் இந்தப் படிவுகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். அப்பெயர்கள் இன்றும் உலகெங்கும் பூகர்ப்ப சாஸ்திர நூல்களில் வழங்குகின்றன. அவருக்குப்பின், பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா என்பவர் அங்கு கிடைத்த சிப்பிகளையும் நத்தைகளையும் படங்களோடு பல பாகங்களாக வருணித்தார். 1940-ல் நமது தமிழரான டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்றைக் கண்டறிந்தார். கரையில் வளர்ந்த மரம் கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து, கல்லாகக் கிடக்கிறது. கிருஷ்ணன் அவர்களே பிற்பாடு, 1951-ல், இந்தியப் பூகர்ப்ப ஆய்வு இலாகாவின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியராக விளங்கினார். கல்லைக் கண்டால் கடந்து போகாத ஒரு தமிழர் பெற்ற பெருமை அது.

இதுவரை மௌனமாயிருந்த மேஸ்திரி இப்போது வாய் திறந்தார். “கல்லோ கிளிஞ்சலோ, காளவாயிலே வேகவேணும் ஐயா. வெந்தால்தான் சுண்ணாம்பு. வெந்ததுமே பாதிக் கனம் போய்விடும்” என்றார்.

அனுபவத்தில் அவர் சொன்ன கணக்கு, ரசாயன சாஸ்திரத்தின் கணக்குக்கு வெகு அருகில் இருக்கிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 பங்கு எடையை சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், 44 பங்கு கரியமில வாயுவாக வானத்தில் போய்விடும். எஞ்சுவது 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு. இதன்மேல் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறுகிறது. (குழந்தைகள் இதன் அருகில் போகக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே அபாயம்.) நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பக்குவம் செய்தால் காரை ஆகிறது. சுவரில் பூசியபிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மீண்டும் கல்லாகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் பெற்றுக்கொள்கிறது! தாம்பூலச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் ஒரு குழாய் வழியாக ஊதிப் பாருங்கள். நீர் பால்போல் கலங்கும். உங்கள் மூச்சினாலேயே உண்டான சுண்ணாம்புக் கல் தூள்தான் அந்தக் கலக்கம். ஊத வேண்டுமேயல்லாமல், உறிஞ்சிவிடக்கூடாது.

ஆகவே, நண்பரின் முன்கூடத்துச் சுவர் என்பது என்ன? கடல் செய்த கல்லைக் கலைத்து, மனிதன் திரும்பச் செய்த கல். கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்த்து மெழுகி, சலவைக்கல் என்று பார்ப்பவர் மயங்கும்படி மெருகேற்றிய சென்னைக் கொத்தர்களின் கைத்திறன் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களையும் வியக்க வைத்தது. ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று அவர்கள் அதற்குப் பெயரே கொடுத்துவிட்டார்கள்.

சிமெண்டின் பூர்வோத்தரமும் இதே கல்தான். சுண்ணாம்புக் கல்லோடு களிமண் கலந்து, சுமார் 1450 டிகிரியில் சுட்டு, வெந்த கட்டியோடு சிறிது ஜிப்ஸம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. நம் நாட்டில் போர்ட்லண்டு சிமெண்டு செய்வதற்கு நடந்த முதல் முயற்சி 1904-ல் சென்னையிலே தொடங்கியது. அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது கடற் கிளிஞ்சல்! அந்த முயற்சி வேரூன்றவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதே நிலைபெற்றது. 1939-ல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. இன்று அரியலூர்ச் சீமையெங்கும் ஆலைகள். கேளம்பாக்கத்தில் எழும்பும் மாடிகளில் அந்தப் பழைய கடலின் துகள்களும் கலந்திருக்கும். அலை ஓசை கேட்கும் ஊருக்கு, வேறொரு கடல் லாரியில் வந்து சேருகிறது.

சிமெண்டை நாம் நிந்திக்கவில்லை. அணைகளும், பாலங்களும், ஏழைகளின் புயல் தாங்கும் வீடுகளும் அதனால் ஆனவை. ஆனால், ஒரே கல்லிலிருந்து பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் குணம் ஒன்றல்ல. சுண்ணாம்புக் காரை நுண்ணிய துவாரங்கள் உள்ளது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் அதன் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. உப்பளத்துக்கு அருகில் உள்ள ஊரில், ஓதத்தோடு உப்பும் ஏறுகிறது. வெளியேற வழியில்லாத நீர் பூச்சுக்குப் பின்னால் தங்கி, உலர உலர, உப்பு அங்கேயே படிகமாகத் திரண்டு, பூச்சை நெம்பித் தள்ளுகிறது. சுண்ணாம்பு கெட்டதனால் சுவர் கெடவில்லை. சுண்ணாம்பை மூடியதனால் கெட்டது.

“அதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், கிழவன் பேச்சை யார் கேட்டார்கள்?” என்றார் மேஸ்திரி. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. காரை அரைக்கவும் மெருகு போடவும் அவரிடம் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லையாம். ஒரு வீட்டை இடித்தால் வேறு வீடு கட்டலாம். இந்தக் கையோடு போகிற வித்தையை எந்தச் சுரங்கத்தில் வெட்டி எடுப்பது?

கல்லையும் அளவில்லாதது என்று எண்ண வேண்டாம். மன்னார் வளைகுடாவில், கீழக்கரைப் பக்கத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலுமாக இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துபோயின. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் சுற்றிலுமிருந்த பவளப் பாறையை மக்கள் வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அலையைத் தடுத்த அரண் போனபின் தீவு எப்படி நிற்கும்? 2001-ல் பவளங்களைச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள். போன தீவுகள் திரும்பவில்லை. உலகத்தில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். கோடிக்கணக்கான வருஷங்களில் கடல் வானத்திலிருந்து வாங்கிப் பூட்டிவைத்ததை நாம் ஒரு தலைமுறையில் திறந்துவிடுகிறோம். நன்றாக நிற்கும் ஒரு சுவரை அவசரப்பட்டு இடிப்பதற்கு முன்பு, இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது கிருகஸ்தர்களின் கடமை.

கடைசியில் நண்பரின் வீட்டில் ஏற்பட்ட முடிவு இது: பின் கூடத்துச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட வேண்டியது, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட வேண்டியது, பிறகு மேஸ்திரியின் மேற்பார்வையில் சுண்ணாம்புக் காரை பூச வேண்டியது, அவருக்கு உதவியாக இரண்டு இளைஞர்களை அமர்த்த வேண்டியது. வீட்டை இடிக்கும் யோசனை? “ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது” என்றார் நண்பர். தோற்றதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

நாம் விடைபெற எழுந்த சமயத்தில் சமையலறையிலிருந்து பாட்டியம்மாளின் குரல் கேட்டது. பளபளவென்றிருந்த கடப்பைக் கல் மேடையில் வரிசையாக ஏழெட்டு இடங்கள் மங்கிக் கிடக்கின்றனவாம், எலுமிச்சம்பழங்களையும் காணவில்லையாம். குழந்தை மெதுவாக நம்மைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது காப்பிக்குக் காத்திராமல் நாம் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தோம்.